ஊஞ்சலுக்குக் கீழே மணல்



குழந்தைகள் இல்லம் ஒன்றிற்குத் தொண்டு செய்யப் போக விரும்புகிறோம், முகவரி தாருங்கள் என்று நம்மிடம் கேட்டு வருவோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் அவர்களுள் பலர் கையில் கேக்குப் பெட்டியும் சட்டைப் பையில் கைப்பேசியுமாகவே புறப்படுகிறார்கள். மண்வெட்டியோடு புறப்படுகிறவர் அரிது. சென்ற கோடையில் நம் பங்கின் இளையோரும், வின்சென்ட் தே பவுல் சபையாரும், கொத்து வேலையும் மின்கம்பி வேலையும் அறிந்த தகப்பன்மார் சிலரும் மண்வெட்டியோடே புறப்பட்டார்கள். எட்டுச் சனிக்கிழமைகள் வேலை நடந்தது. அதில் கண்டதையும் கேட்டதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். ஊரின் பெயரையும் இல்லத்தின் பெயரையும் வேண்டுமென்றே எழுதாது விடுகிறோம்; காரணம் பின்னே வரும்.

கன்னியர் சிலர் வாடகைக் கட்டடம் ஒன்றில் முப்பதுக்கு மேற்பட்ட சிறுமியரை வைத்துப் பேணி வந்தனர். முன்பு மாணவர் விடுதியாக இருந்து பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ஒரு கட்டடம் அவர்களுக்குக் கிடைத்தது. சுவர் நன்றாக இருந்தது, கூரை ஒழுகியது. சுற்றிலும் ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலம், முழுவதும் சீமைக் கருவேலம். இதைத்தான் குழந்தைகள் வந்து வாழத்தக்க வீடாகவும், ஓடி விளையாடத்தக்க திடலாகவும் ஆக்க வேண்டியிருந்தது.

முதல் நாளே இளையோர் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். சுவரெங்கும் கேலிச்சித்திர விலங்குகள், நுழைவாயிலில் வண்ண வளைவு, நடுவில் செயற்கை நீரூற்று. தலைமைச் சகோதரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தை ஒட்டிய விதிகளில் உள்ள கணக்கு அது. குழந்தை ஒன்றுக்கு உறங்குமிடம் 40 சதுர அடி. ஏழு பேருக்கு ஒரு கழிப்பறையேனும் வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு குளியலறையேனும் வேண்டும். விளையாட்டுத் திடலைப் பற்றி விதி சொல்வது, குழந்தைகளின் தொகைக்கு ஏற்ற போதிய இடம் என்பதே. அளவு சொல்லப்படவில்லை. அளவு சொல்லப்படாத எதுவும் நம் நாட்டில் முதலில் சுருங்கும் என்பதை அனுபவசாலிகள் அறிவர்.

"மூன்று கழிப்பறைதான் இருக்கிறது, ஃபாதர். முதலில் அதைப் பார்ப்போம். முயல்குட்டி படம் அப்புறம் வரையலாம்" என்றார் சகோதரி. இளையோர் முகம் வாடியது உண்மை. ஆனால் அவர்களுள் ஒருவனே, கட்டடப் பொறியியல் பயில்கிறவன், அன்று மாலைக்குள் கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, அது சிதைந்து ஒரு பிள்ளை மிதித்தால் உள்ளே விழும் நிலையில் இருப்பதைக் கண்டு சொன்னான். அந்தக் கணத்திலிருந்து வேலையின் போக்கே மாறிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் செய்தோம். புதிய வீட்டில் என்ன வேண்டும் என்று குழந்தைகளையே கேட்பது. பங்கின் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாடகை வீட்டிற்குச் சென்று, சகோதரி ஒருவர் எட்ட அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, சிறுமியர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம் என்றார். ஊஞ்சல், மிதிவண்டி, நாய்க்குட்டி என்றெல்லாம் வரும் என எதிர்பார்த்திருந்தோம். வந்தன. ஆனால் அதைவிட அதிகமான சீட்டுகளில் இருந்தவை வேறு. குளியலறைக் கதவிற்கு உள்பக்கம் தாழ்ப்பாள். தன் பெட்டிக்கு ஒரு பூட்டு. உள்ளாடைகளை யாரும் பாராத இடத்தில் காயப்போட ஒரு கொடி. தன் உயரத்திற்கு எட்டுமாறு ஒரு கண்ணாடி. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு. ஒரு சீட்டில் மட்டும், "எங்க அம்மா வந்தா உக்கார ஒரு இடம்" என்று எழுதியிருந்தது. அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

இச்சீட்டுகளை ஆசிரியை நம் முன் பரப்பி வைத்தபோது, நீரூற்றைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. தாழ்ப்பாள்களும் பூட்டுகளும் கொடிக்கயிறும் சேர்ந்து ஆன செலவு, நுழைவாயில் வளைவுக்கு ஒதுக்கிய தொகையில் பாதிகூட இல்லை.

திடல் வேலை கடினமானது. சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது. தூரோடு பெயர்த்தெடுக்க வேண்டும், இல்லாவிடில் அடுத்த மழைக்கு மீண்டும் தழைக்கும். பொக்லைன் இயந்திரம் ஒரு நாள் வந்து போன பின்னும், உதிர்ந்த முட்களைப் பொறுக்க இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. வெறுங்காலோடு ஓடப்போகும் பிள்ளைகளுக்கு அந்த முள் எத்தகையது என்பதைக் கிராமத்தில் பிறந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. வேலியோரம் செழித்திருந்த அரளியையும் அகற்றச் சொன்னோம். பூசைக்குப் பூக்குமே என்று ஒரு தாய் வருந்தினார். அரளியின் இலை, பூ, விதை, தண்டு அனைத்தும் நஞ்சு. காட்டாமணக்கு விதையை வேர்க்கடலை என்று எண்ணித் தின்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் பிள்ளைகளைப் பற்றி ஆண்டுதோறும் நாளேட்டில் படிக்கிறோம். குழந்தைகள் உலவும் இடத்தில் இவ்விரண்டும் நிற்கவே கூடாது. அவற்றின் இடத்தில் வேம்பும் புங்கும் வைத்தாயிற்று. புங்கு விரைவில் நிழல் தரும்.

முள்ளை அகற்றியபோது வெளிப்பட்ட ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். தென்மேற்கு மூலையில், ஒரு தட்டையான கல்லின் கீழ், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு. கல்லைக் காலால் நகர்த்தலாம். கொத்தனார் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டார். ஒலி வர நெடுநேரம் ஆயிற்று. யாரும் பேசவில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை இத்தகைய குழியில் விழுந்ததும், நான்கு நாள் தமிழகமே செபித்துக் காத்திருந்ததும், உயிரோடு மீட்க இயலாமற் போனதும் எல்லார் மனத்திலும் ஓடியிருக்கும். மேலே ஒரு மூடி போட்டால் போதுமென்று பலர் கருதுகின்றனர். போதாது. 2010-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை, கைவிடப்பட்ட கிணற்றை மண், மணல், கல் முதலியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பச் சொல்கிறது. அன்று மாலை இருட்டிய பின்னும் பாண்டு பாண்டாகச் சுமந்து அதை நிரப்பி, மேலே காரை பூசிவிட்டே எல்லாரும் வீடு திரும்பினர். உங்கள் தோட்டத்திலோ, நம் கல்லறைத் தோட்டத்திலோ, பள்ளி வளாகத்திலோ இப்படியொரு கல் கிடக்கிறதா என்று இதைப் படித்த கையோடு எழுந்து போய்ப் பாருங்கள். மிச்சத்தைத் திரும்பி வந்து படிக்கலாம்.

இனி, ஒரு சச்சரவைச் சொல்லியாக வேண்டும். நல்லுள்ளம் படைத்த ஓர் உபயகாரர், தம் மறைந்த மனைவியின் நினைவாக அந்தத் திடலில் மாதா கெபி ஒன்று எழுப்பித் தர முன்வந்தார். பெரிய தொகை. கெபி திடலின் நட்டநடுவில் அமைய வேண்டும், சாலையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், சுற்றிலும் கம்பி வேலியும் பூச்செடியும் வேண்டும் என்பது அவர் விருப்பம். வரைபடத்தைப் பார்த்தோம். நடுவில் கெபியும் வேலியும் வந்துவிட்டால், மிஞ்சுவது நான்கு மூலைகள். பந்து ஒன்றை உதைத்தால் எப்பக்கம் உதைத்தாலும் மாதாவின் மேல்தான் படும். பங்குப் பேரவையில் கருத்துப் பிளந்தது. மாதாவுக்கு மறுப்பா என்று சிலர் முகம் சுளித்தனர். கெபியைக் கிழக்கு மதிலோரம், வேம்பின் கீழ் அமைக்கலாம், பிள்ளைகள் மாலையில் அமர்ந்து செபமாலை சொல்லவும் அங்கே நிழல் இருக்கும் என்று சகோதரி சொன்னார். நாமும் அவ்வாறே கருதினோம், வெளிப்படையாகவே சொன்னோம். நாசரேத்தில் ஒரு சிறுவனை வளர்த்த தாய், சிறுவர் விளையாட இடம் வேண்டுமென்றால் சற்று ஒதுங்கி அமர மாட்டாரா? உபயகாரர் யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றார். இதை எழுதும்வரை சொல்லவில்லை. அத்தொகை வராமற்போனால் சுற்றுமதிலின் ஒரு பகுதி இவ்வாண்டு நிற்கும். அது சிறிய இழப்பன்று, சகோதரிக்கும் அது தெரியும். தெரிந்தே சொன்னார்.

திடலுக்காக ஒரு புனிதர் செய்த பேரத்தை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1846-இல் தூரின் நகரில் தொன் போஸ்கோ தம் சிறுவர்களோடு இடமின்றி அலைந்தார். ஆலை அருகிருந்தோர் இரைச்சல் என்று விரட்டினர். கல்லறைச் சிற்றாலயத்தில் இடம் மறுக்கப்பட்டது. பிலிப்பி என்னும் சகோதரருடைய புல்வெளியை வாடகைக்கு எடுத்தார், பிள்ளைகள் மிதித்து மிதித்துப் புல்லின் வேரே பட்டுப்போகிறது என்று அவர்களும் காலி செய்யச் சொன்னார்கள். குருத்து ஞாயிறன்று, அடுத்த ஞாயிறு எங்கே கூடுவது என்று தெரியாத நிலை. அப்போதுதான் வால்தோக்கோவில் பினார்தி என்பவரின் கொட்டகை கிடைத்தது. கூரை அவ்வளவு தாழ்வு. தரையைத் தோண்டி இறக்கித்தான் நிமிர்ந்து நிற்க முடிந்தது. வாடகை ஆண்டுக்கு 300 லீரா என்றார் பினார்தி. தொன் போஸ்கோ 320 தர முன்வந்தார். கொட்டகையைச் சுற்றியுள்ள நிலத்துண்டும் பிள்ளைகள் விளையாடச் சேர்த்துக் கிடைக்க வேண்டும், அடுத்த ஞாயிறுக்குள் இடம் ஆயத்தமாக வேண்டும் என்பவையே அவர் நிபந்தனைகள். கையில் காசில்லாத குருவானவர், கேட்ட விலைக்கு மேல் 20 லீரா ஏற்றிக் கொடுத்திருக்கிறார்! அந்த வாரத்திற்குள் கொத்தர்களும் தச்சர்களும் தரையைத் தோண்டிப் படி வைத்துப் பலகை பரப்பி முடிக்க, ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழாவன்று சிறுவர்கள் உள்ளே நுழைந்தார்கள். அவருடைய சபையினர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து இந்தியாவில் பணி தொடங்கியதைத் தமிழ்க் கத்தோலிக்கர் அறிவர். அவர்கள் இல்லம் எதற்குச் சென்றாலும் முதலில் கண்ணிற்படுவது திடல்தான்.

ஊஞ்சல், சறுக்குமரம் பற்றிச் சில சொல்ல வேண்டும். இதில் நம்மவர்க்குக் கவனம் போதாது. வாங்கி நட்டுவிட்டால் முடிந்தது என்று எண்ணுகிறோம். கீழே காரைத் தளம் போட்டு, அதன்மேல் ஊஞ்சல் நட்ட பள்ளிகளை நாம் பார்த்திருக்கிறோம்! பிள்ளை ஊஞ்சலிலிருந்து விழத்தான் செய்யும். விழும்போது கீழே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ஓர் அடி ஆழத்திற்காவது மணல் வேண்டும். அது ஓடிப்போகாமல் சுற்றிலும் வரம்பு கட்ட வேண்டும். மழைக்குப் பின் கிளறிவிட வேண்டும், இல்லாவிடில் அதுவும் இறுகிவிடும். ஊஞ்சல் தொங்கும் கம்பி எவ்வளவு உயரமோ, அதைப்போல் இருமடங்கு தூரம் முன்னும் பின்னும் வெற்றிடமாக இருக்க வேண்டும். பலகை இருக்கையைவிட ரப்பர் இருக்கை நல்லது. எதிரே வரும் பிள்ளையின் நெற்றியில் பட்டாலும் பிளக்காது. ஏணிப் படிகளுக்கும் கம்பிகளுக்கும் இடையே 9 சென்டிமீட்டருக்கு மேல் 23 சென்டிமீட்டருக்குள் சந்து விடக்கூடாது. சிறுபிள்ளையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. இரும்புச் சறுக்குமரத்தை மேற்கு நோக்கி வைத்தால், மாலை நான்கு மணிக்கு அதில் தோசை வார்க்கலாம்; வடக்கு நோக்கி வையுங்கள்.

பழைய லாரி டயர்களைப் பாதி புதைத்து விளையாட்டுப் பொருளாக்குவது இப்போது பரவி வருகிறது. செலவில்லை, பிள்ளைகளுக்கும் பிடிக்கிறது. ஆனால் உட்குழிவில் மழைநீர் தங்கினால் டெங்குக் கொசுவிற்கு அதைவிட வசதியான தொட்டில் இல்லை. அடியில் துளையிட்டுத்தான் வைக்க வேண்டும். வண்ணப்பூச்சு வாங்குவோர், ஈயம் கலவாதது என்று அச்சிட்டுள்ளதா என்று பார்த்து வாங்குக. 2016-இல் பிறப்பிக்கப்பட்ட விதி, வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படக் கூடாது என்கிறது. வீட்டில் மிஞ்சிக் கிடந்த பழைய டப்பாக்களைத் தானமாகக் கொண்டுவந்தோர் சிலர் இருந்தனர். நன்றி கூறித் திருப்பி அனுப்பினோம்.

வெயிலுக்கு அடக்கமாகச் சமையற்கட்டை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டுவிடலாம், பிள்ளைகள் நிழலில் விளையாடுவார்கள் என்று அனுபவமிக்க பெரியவர் ஒருவர் யோசனை சொன்னார். நல்லெண்ணம்தான். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கட்டின் கீற்றில் பற்றிய தீ வகுப்பறைகளுக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை நாம் மறக்க எவ்வுரிமையும் இல்லை. கொட்டகை வேண்டாம், புங்கு வளரட்டும்.

பெரிய உபகரணங்கள் வாங்க இயலாத பங்குகள் மனந்தளர வேண்டாம். போருக்குப் பின் 1947 தொடங்கி, ஆம்ஸ்டர்டாம் நகராட்சியில் அல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர் வெற்று மனைகளிலும் தெருமுனைகளிலும் நூற்றுக்கணக்கான திடல்களை அமைத்தார். அவர் வைத்தவை மிக எளியவை: அகன்ற வரம்பு கட்டிய மணற்குழி, தாவ உருளைக் கற்கள், தொங்கிப் புரள வளைந்த இரும்புக் கம்பிகள். யானை, ஒட்டகம் என்று உருவம் செய்து வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கல் கல்லாகவே இருந்தால் பிள்ளை அதைக் கப்பலாக்கும், கோட்டையாக்கும், அடுப்பாக்கும். யானையாகச் செய்துவிட்டால் அது யானையாகவே நின்றுவிடும். 1960-இல் அந்நகரின் அனாதைக் குழந்தைகள் இல்லத்தைக் கட்டியவரும் அவரே. பின்னாளில் அது இல்லமாக இல்லை, எனினும் கட்டடம் நிற்கிறது. ஒரு பெரிய மாளிகையாக அன்றி, சிறு சிறு வீடுகள் முற்றங்களால் இணைந்த ஓர் ஊர்போல அதை அமைத்தார். நம் கொத்தனாரிடம் இதைச் சொன்னபோது, "சாமி, அவரு பெரிய ஆளு. ஆனா பாண்டியாட்டக் கட்டம் போட்டுக் கொடுத்தா நம்ம பிள்ளைங்க அதுலயே மூணு மணி நேரம் ஆடும்" என்றார். சொன்னபடியே நடைபாதைக் காரை ஈரமாக இருந்தபோது ஆணியால் மூன்று கட்டங்கள் கீறியும் வைத்தார். இன்று அங்கே கூட்டம் குறைவதில்லை.

தொண்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு வருவோம். வேலை நடக்கும் நேரத்தில் குழந்தைகள் அங்கே இருக்கவில்லை. இருக்கக் கூடாது என்பதும் சகோதரியின் கண்டிப்பு. கடப்பாரையும் மின்கம்பியும் கிடக்கும் இடம் என்பது ஒரு காரணம். முன்பின் அறியாத பெரியவர்கள் கூடும் இடம் என்பது மற்றொரு காரணம். வருவோர் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். யாரும் எந்தக் குழந்தையோடும் தனித்திருக்கலாகாது. குருவானவராயினும் விதி ஒன்றே. இதைக் கேட்டு ஒரு தந்தை, எங்களைச் சந்தேகிக்கிறீர்களா என்று மனம் நொந்தார். உலகெங்கும் நம் திருச்சபை இவ்விதியைக் கைக்கொள்ளாததால் எத்தனை குழந்தைகள் காயப்பட்டார்கள் என்பது இன்று மறைவான செய்தியன்று. அதன்பின் நம்மைச் சந்தேகிக்க வேண்டாம் என்று கேட்கும் உரிமை நமக்கில்லை. அவரிடம் அதையே சொன்னோம். அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாகப் பதிவேட்டில் கையொப்பமிட்டவர் அவர்தான்.

புகைப்படத்திற்கு வருவோம். ஊர்ப்பெயரை ஏன் எழுதவில்லை என்ற கேள்விக்கும் விடை இதுவே. 2015 சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டும் வேறு எதையும் செய்தித்தாளிலோ இதழிலோ பிற ஊடகத்திலோ வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாள் கொண்டாடச் சென்று, தட்டேந்திய பிள்ளைகளோடு நின்று எடுத்த படத்தை வாட்சப்பில் சுற்றவிடுவோர் இதை அறியார்போலும். சட்டத்தை விடுங்கள். நம் வீட்டுப் பிள்ளை சோற்றுத் தட்டோடு வரிசையில் நிற்பதைப் படமெடுத்து ஊருக்குக் காட்டப் பொறுப்போமா? கேக்கு வெட்ட வேண்டிய குடும்பம் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்பதரைக்கு வர, அதுவரை உண்ணாமல் கைதட்டக் காத்திருந்து தூங்கிவிழும் குழந்தைகளை நாம் கண்டதுண்டு.

உபயப் பலகைகளையும் சொல்லாது விட முடியவில்லை. குழல்விளக்கில் பாதி வெளிச்சம் மறையுமளவு பெயர் எழுதும் பக்தி நம் ஆலயங்களில் நெடுங்காலமாக உண்டு, பொறுத்துக்கொள்கிறோம். ஊஞ்சல் இருக்கையிலும் எழுத வேண்டுமென்று கேட்டார்கள். பள்ளித் தோழி ஒருத்தி வந்து ஆடும்போது, இது யாரோ எங்களுக்கு இரங்கிக் கொடுத்தது என்று அச்சிறுமி ஒவ்வொரு வீச்சிலும் படிக்க வேண்டுமா? பெயர் எழுதவில்லை. கணக்குப் புத்தகத்தில் எல்லார் பெயரும் உள்ளது. விரும்புவோர் வந்து பார்க்கலாம்.

வெளியிலிருந்து வந்து உழைப்போர் ஓர் இல்லத்தை எழுப்ப முடியும் என்பதற்கு வரலாற்றில் அழகிய சான்று உண்டு. 1944-இல் சுவிட்சர்லாந்தில் வால்ட்டர் ராபர்ட் கோர்ட்டி என்பவர், போரில் பெற்றோரை இழந்த பல நாட்டுக் குழந்தைகளுக்கென ஒரு சிற்றூர் வேண்டும் என்று ஓர் இதழில் கட்டுரை எழுதினார். 1946-இல் திரோகன் என்னும் மலையூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் வந்து மண் சுமந்தார்கள். சற்று முன்புவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகள் அவை. கல்வியாளர் பெஸ்தலோசியின் பெயரைத் தாங்கிய அவ்வூருக்கு 1960-இல் திபெத்திய ஏதிலிக் குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். தொண்டர் வீடு கட்டினார்கள், திரும்பிப் போனார்கள். குழந்தைகளோடு நிலையாய்த் தங்கி வளர்த்தவர்கள் வேறு. இந்த வேறுபாட்டை நம் இளையோர் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு நாள் வந்து ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக் கொஞ்சி, அண்ணன் அடுத்த வாரமும் வருவேன் என்று சொல்லிப் போய், பின் வராதிருப்பது கொடுமை. முன்பே ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளை அது. கொத்து வேலை செய்துவிட்டு அமைதியாகப் போகிறவன் அதைவிட நல்ல அண்ணன்.

இனி, அந்தச் சீட்டு. "எங்க அம்மா வந்தா உக்கார ஒரு இடம்." இல்லங்களில் உள்ள பிள்ளைகள் எல்லாரும் பெற்றோரற்றவர் என்று நம் மக்கள் எண்ணுகின்றனர். நாம் அறிந்த இல்லங்களில் தாயோ தந்தையோ உயிரோடிருக்கும் பிள்ளைகள் பலர். கணவனை இழந்து கட்டட வேலைக்கு ஊர் ஊராய்ப் போகும் தாய், குடியால் சிதைந்த வீடு, பெண்பிள்ளையைத் தனியே விட்டுப்போக அஞ்சும் பாட்டி: இவைதான் பெரும்பாலும் அவர்களை அங்கே கொண்டு சேர்க்கின்றன. சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகவே கருதுகிறது. எந்தக் குழந்தையையும் 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, அதன் ஆணையின்படியே சேர்க்க வேண்டும். குடும்பத்திலேயே வைத்து வளர்க்க வழியிருந்தால் அதையே நாட வேண்டும். வறுமையில் தவிக்கும் தாய் தன் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள, வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இதை அறியாத விதவைத் தாய்மார் நம் பங்கிலேயே இருந்தனர். வின்சென்ட் தே பவுல் சபையார் இவ்வாண்டு இருவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊஞ்சல் நடுவதைவிட இது பெரிய வேலை. படம் எடுக்க ஒன்றும் இராது.

நுழைவாயிலுக்கு அருகே, வளைவு வரவிருந்த இடத்தில், இப்போது ஓடு வேய்ந்த ஒரு சிறு திண்ணை இருக்கிறது. குடிதண்ணீர்ப் பானை, மின்விசிறி, இருவர் சாய்ந்து அமரும் இரண்டு பெஞ்சுகள். வரும் தாய்மார் மகளோடு அங்கே அமர்ந்து, கொண்டுவந்த சோற்றைப் பிரித்து உண்ணலாம். விதிப்படி சகோதரி ஒருவர் எட்ட இருப்பார்.

சிறுமியர் சென்ற மாதம் குடிபுகுந்துவிட்டார்கள். கழிப்பறைகள் ஆறு ஆயின. எல்லாவற்றிற்கும் தாழ்ப்பாள் உண்டு. சறுக்குமரமும் ஊஞ்சல்கள் இரண்டும் நட்டாயிற்று, ஆனால் ஊஞ்சல்களைச் சகோதரி சுருட்டிக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார். வரம்பு கட்டிய குழியில் இன்னும் மணல் விழவில்லை. எம்-சாண்ட் எளிதில் கிடைக்கிறது. கூரான துகளும் தூசியும் நிறைந்து இறுகும் அது இதற்கு ஆகாது. ஆற்றுமணலோ பொன்விலை. அனுமதிச் சீட்டோடு, முறையாக, இரண்டு யூனிட் மணல் வாங்கித் தரக்கூடியவர் எவரேனும் இருப்பின் பங்கு அலுவலகத்தில் தெரிவிக்கவும். பிள்ளைகள் நாள்தோறும் பள்ளிவிட்டு வந்ததும் கம்பத்தடியில் நின்று முடிச்சைப் பார்த்துவிட்டுப் பாண்டி ஆடப் போகிறார்களாம்.